மலாவி ஆஸ்பத்திரிக்கு காங்கயத்திலிருந்து ஒரு கேள்வி

(போன இதழில், காங்கயம் வாசகி ஒருவரின் கடிதம் வந்திருக்கிறது, மகள் நர்ஸாக இருக்கிற ஆப்பிரிக்க ஆஸ்பத்திரியின் கரண்ட் விஷயம், பதில் அடுத்த மாதம் என்று ஒரு வரி போட்டிருந்தேன். அந்த ஒரு வரிக்கே திருப்பூர், உடுமலை, பல்லடம், கோபி, பவானி என்று கடிதங்கள் வந்துவிட்டன. மிக்ஸி ஆர்மேச்சர், போர் மோட்டார் காயில் கேள்விகள் எல்லாம் இந்த மாதம் ஓரமாக உட்காரட்டும்.)

கேள்வி: என் மகள் ஆப்பிரிக்காவில் மலாவி நாட்டில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறாள். பிளான்டைர் நகரத்திலிருந்து ஷிரே ஆற்றுப் பள்ளத்தாக்குப் பக்கம் இறங்கி, மண் ரோட்டில் உள்ளே போக வேண்டும். 80 படுக்கை. கரண்ட் போனால் சில நாள் அரை மணியில் வரும், சில நாள் ராத்திரி முழுக்க வராது. 40 கேவிஏ ஜெனரேட்டர் இருக்கிறது, டீசல்தான் பல நேரம் கிடைப்பதில்லை. யாரோ தானமாகக் கொடுத்த இன்வெர்ட்டரும் எட்டு பேட்டரியும் ரெண்டே வருசத்தில் படுத்துவிட்டன (ராத்திரி டூட்டி ஆட்கள் அதில்தான் டீக்கு கெட்டில் போடுவார்களாம்). போன மாதம் சிசேரியன் நடக்கும்போது கரண்ட் போய், இவள் செல்போன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். அதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லீங்க. சொந்தபந்தம், ஊர்க்காரர்கள் எல்லாம் சேர்ந்து 6 லட்சம் போல சேர்த்திருக்கிறோம். பெரிய ஜெனரேட்டர் வாங்கலாமா, சோலாரா, எந்த பேட்டரி நல்லது?
ஒரு வாசகி, காங்கயம்

பதில்: அம்மா, நீங்கள் அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கும் அந்த கெட்டில்தான் உங்கள் கடிதத்திலேயே முக்கியமான வரி. எந்த பேட்டரி என்பதை அப்புறம் பார்ப்போம். அந்த எட்டு பேட்டரியும் ஏன் செத்தன என்று தெரியாமல் இன்னொரு எட்டு வாங்கிக் கொடுத்தால், அதுவும் ரெண்டு வருசம்தான்.

கெட்டில் ஒன்று 2,000 வாட் இழுக்கும். குழந்தையின் மூச்சுக்குக் காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கிற ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர், நிமிடத்துக்கு 5 லிட்டர் தருகிற ரகம், 350 வாட் போல. அதாவது ஒரு டம்ளர் டீக்கு வெந்நீர் வைக்கிற நேரத்தில் ஐந்தாறு கான்சென்ட்ரேட்டர் ஓடுகிற கரண்ட் போகிறது. ராத்திரி டூட்டி பார்ப்பவர்களை நான் குறை சொல்லவில்லை, டீ இல்லாமல் ராத்திரி ஓடாது. தப்பு வயரிங்கில் இருக்கிறது. ஆஸ்பத்திரி முழுக்க ஒரே லைன், அதன் தலையில் ஒரு இன்வெர்ட்டர் என்று மாட்டிக் கொடுத்துவிட்டுப் போயிருப்பார்கள்.

அந்த ஊர் கரண்டைப் பற்றியும் ரெண்டு வார்த்தை. மலாவியின் நீர்மின்சாரத்தில் பெரும்பகுதி ஷிரே ஆறு ஒன்றை நம்பியே இருக்கிறது. 2022 ஜனவரியில் ஆனா என்ற புயல் வந்து, அந்த ஆற்றின் மேல் இருக்கும் கபிச்சிரா நீர்மின் நிலையத்தின் அணைக்கரையை அடித்துக்கொண்டு போனபோது, கிட்டத்தட்ட 130 மெகாவாட் ஒரே நாளில் இல்லாமல் போனது. ஒரு ஆற்றை நம்பி இருக்கிற கஷ்டம் பைக்காரா கரண்டில் மில் ஓட்டிய நம்ம ஊருக்குத் தெரியாததா? 2012ல் நாள் ஒன்றுக்கு 10 மணி, 12 மணி என்று கரண்ட் இல்லாமல் நாமும் இருந்தவர்கள்தானே. ஒரே வித்தியாசம், நமக்கு பங்கில் டீசல் கிடைத்தது. இதில் அவர்கள் தனியாகவும் இல்லை: உலக சுகாதார நிறுவனமும் உலக வங்கியும் மற்ற சில அமைப்புகளும் சேர்ந்து 2023ல் வெளியிட்ட அறிக்கைப்படி, சஹாராவுக்குத் தெற்கே உள்ள நாடுகளில் பத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட சுகாதார நிலையங்களில் கரண்டே கிடையாது, பாதி இடங்களில் இருந்தும் நம்ப முடியாது.

சரி, வேலைக்கு வருவோம். உங்கள் மகளிடம் சொல்லி ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். கரண்ட் போன அடுத்த நொடியில் எது நின்றால் ஆள் போய்விடும்? அந்தச் சாமான்கள் மட்டும். எல்லாவற்றுக்கும் பின்னால் ஒட்டியிருக்கும் தகட்டில் வாட் போட்டிருக்கும், அதைப் பார்த்து எழுத வேண்டும், யாரும் வாயால் சொன்னதை அல்ல. நான் இங்கே உட்கார்ந்து ஒரு உத்தேசம் போடுகிறேன். கான்சென்ட்ரேட்டர் இரண்டு, 700 வாட், பத்து மணி நேரம்: 7 யூனிட். ஆபரேஷன் தியேட்டர் எல்இடி விளக்கு, பிரசவ அறை, குழந்தைகள் வார்டு விளக்குகள், ஒரு மானிட்டர் எல்லாம் சேர்ந்து 200 வாட்: 2 யூனிட். சளி, ரத்தம் உறிஞ்சுகிற சக்ஷன் மெஷின் நடு நடுவே ஓடுவதுதான், கால் யூனிட்கூட ஆகாது. ரத்தம் வைக்கிற ஃபிரிட்ஜும் லேப் மைக்ராஸ்கோப்பும் இரண்டு, இரண்டரை. ஆக, ஒரு ராத்திரிக்கு 12 யூனிட். எண்பது படுக்கை ஆஸ்பத்திரியின் உயிர்நாடி இவ்வளவுதான், நம்ம பக்கம் ரெண்டு ஏசி ஓடுகிற வீட்டில் ஒரு நாளில் இதைவிட அதிகம் செலவாகும்.

இதில் எக்ஸ்ரே இல்லை, சலவை இல்லை, கருவிகளை நீராவி அழுத்தத்தில் வைத்துக் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ் இல்லை. ஆட்டோகிளேவ் ஒன்றே 2, 3 கிலோவாட் கேட்கும். அதை பேட்டரியில் போடவே கூடாது. வெயில் உச்சியில் இருக்கும்போதோ, ஜெனரேட்டர் ஓடும்போதோ ஓட்டி, துணியும் கத்தியும் முன்கூட்டியே தயாராக அடுக்கி வைத்துக்கொள்ள வேண்டும். கேஸ் அடுப்பில் வைக்கிற பிரஷர் குக்கர் மாதிரியான ஆட்டோகிளேவும் உண்டு, அது ஒன்று ஸ்டோர் ரூமில் இருந்தால் நல்லது.

12 யூனிட்டுக்கு என்ன பேட்டரி? நம்ம வீட்டு இன்வெர்ட்டரில் இருக்கிற 12 வோல்ட், 150 ஏஎச் டியூபுலர் பேட்டரி, பேப்பரில் 1.8 யூனிட். ஆனால் ஈய பேட்டரியைப் பாதிக்கு மேல் காலி செய்தால் ஆயுள் கரையும், அதனால் கையில் வருவது 0.9 யூனிட். இன்வெர்ட்டரிலேயே போகிற நஷ்டத்தையும் சேர்த்தால் 16 பேட்டரி வேண்டும். லித்தியம், அதாவது இரும்பு பாஸ்பேட் ரகம், 48 வோல்ட் 100 ஏஎச் பெட்டி ஒன்று 5 யூனிட் பிடிக்கும், அதில் 90 சதவீதம் வரை எடுக்கலாம், மூன்று பெட்டி போதும். எனக்கு வயசாகிவிட்டது, நான் டியூபுலர் ஆள்தான், ஆனால் இந்த இடத்துக்கு லித்தியம் என்றே சொல்வேன். ஷிரே பள்ளத்தாக்கு வெயில் நம்ம கரூர் வெயிலுக்குக் குறையாது. 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரி ஏறும்போதும் ஈய பேட்டரியின் ஆயுள் பாதிக்குப் பாதி ஆகும், அதோடு மாதாமாதம் யாராவது தண்ணீர் பார்க்க வேண்டும். லித்தியத்துக்கும் சூடு ஆகாது, நிழலான காற்றோட்டமான அறை வேண்டும், ஆனால் மூடியைத் திறந்து பார்க்கிற வேலை இல்லை.

அந்த 12 யூனிட்டைத் திரும்ப நிரப்ப, நாளைக்கு 5 மணி நேரம் நல்ல வெயில் என்று வைத்து, அழுக்கு, சூடு, வயர் என்று கால்வாசி கழித்தால் 3.2 கிலோவாட் பேனல் வருகிறது. மழை மாதங்களை நினைத்து 5 கிலோவாட்டாகப் போடுங்கள். இன்வெர்ட்டர் 5 கேவிஏ. ஓடுகிற சுமை ஒன்றே கால் கிலோவாட்தான், ஆனால் கம்ப்ரஸர் கிளம்பும்போது ஒரு உதை உதைக்கும், அதைத் தாங்க வேண்டுமே.

ஜெனரேட்டரைத் தூக்கிப் போட வேண்டாம், பெரிதாகவும் வாங்க வேண்டாம். 40 கேவிஏவை நாலு விளக்குக்காக ஓட்டுவது, ஒரு மூட்டை அரிசிக்கு லாரி பிடிப்பது மாதிரி. சும்மா ஓடினாலே மணிக்கு ரெண்டு மூணு லிட்டர் குடிக்கும். அதோடு சுமை இல்லாமல் ரொம்ப நாள் ஓட்டினால் டீசல் முழுசாக எரியாமல் புகைக்குழாயில் கறுப்பாக எண்ணெய் ஒழுக ஆரம்பிக்கும், எஞ்சின் கெட்டுப்போகும். ஆட்டோகிளேவ், துணி துவைப்பது, தண்ணீர் மோட்டார், பேட்டரிக்கு சார்ஜ் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கட்டி, ரெண்டு மணி நேரம் நல்ல சுமையில் ஓட்டி நிறுத்திவிட வேண்டும். டீசல் அத்தனைக்கு மிச்சமாகும்.

அப்புறம் கெட்டில். மேலே சொன்ன அறைகளுக்குத் தனி வயர், தனி போர்டு, சிவப்பு பெயின்ட் அடித்த பிளக் பாயின்ட். அங்கே பிரிட்டிஷ்காரன் விட்டுப்போன சதுர மூணு பின். சிவப்பு பாயின்ட்டுக்கு மட்டும் நம்ம ஊர் உருண்டைப் பின் போட்டுவிட்டால் கெட்டில் நுழையாதே என்று எனக்கு முதலில் ஒரு யோசனை வந்தது, ரொம்ப சந்தோஷமாகக்கூட இருந்தேன். ஆனால் நடு ராத்திரி வேறு வார்டிலிருந்து ஒரு மெஷினைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தால் அதுவும் நுழையாது. அதனால் வேண்டாம். ஒவ்வொரு சிவப்பு பாயின்ட்டுக்கும் 4 ஆம்பியர் எம்சிபி (அளவுக்கு மேல் கரண்ட் இழுத்தால் தானாக விழுகிற சுவிட்ச்) ஒன்று போடச் சொல்லுங்கள். கான்சென்ட்ரேட்டர் ஒன்றரை ஆம்பியர், நிம்மதியாக ஓடும். கெட்டில் எட்டே முக்கால் கேட்கும், தண்ணீர் கொதிப்பதற்குள் அந்த பாயின்ட் மட்டும் டிரிப் ஆகிவிடும், பக்கத்து பாயின்ட்டுக்கு ஒன்றும் ஆகாது. அப்படியே டீக்கு ஒரு கேஸ் அடுப்பும் வாங்கிக் கொடுத்துவிடுங்கள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

கடைசியாக, 6 லட்சத்தில் ஒரு லட்சத்தைத் தொடாதீர்கள். அது அங்கேயே ஒரு ஆளுக்கு. சனிக்கிழமை காலையில் பேட்டரி ரூமைத் திறந்து, மீட்டரைப் பார்த்து, நோட்டில் எழுதி, ஜெனரேட்டரை அரை மணி நேரம் சுமையோடு ஓட்டிப் பார்க்கிற ஒரு ஆள். அவர் பெயர் கதவில் எழுதியிருக்க வேண்டும். ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், 2012ல் நம்ம பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் (பெயர் வேண்டாம்) ஜெனரேட்டர் பராமரிப்பு என் பொறுப்பு. ஒரு ராத்திரி கூப்பிட்டார்கள், ஓடினேன். புத்தம் புது எஞ்சின், டேங்க் நிறைய டீசல், சாவியைத் திருப்பினால் டிக் என்ற சத்தம்கூட இல்லை. குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தால் ஸ்டார்ட்டிங் பேட்டரி இருந்த இடத்தில் ரெண்டு வயர் மட்டும் தொங்குகிறது. வேன் ஸ்டார்ட் ஆகவில்லை என்று டிரைவர் சாயங்காலம் கழட்டி வேனில் மாட்டிக்கொண்டு போய்விட்டார், காலையில் திருப்பி வைத்துவிடலாம் என்று. யாரிடம் கேட்பது? கேட்பதற்கு யாரும் இல்லை, அதனால் கழட்டினார். நான் என் பைக்கை ஓரம் கட்டிவிட்டு, எதிர்ச் சந்தில் நின்ற ஒரு டிராக்டர்க்காரரை எழுப்பி, அவர் பேட்டரியை வாங்கி வந்து ஸ்டார்ட் செய்தேன். முக்கால் மணி நேரம்.

கேள்வி: எங்கள் பனியன் கம்பெனியில் யுபிஎஸ் பேட்டரி 20 மாற்றினோம். இன்னும் ஓரளவு நிற்கிறது. அந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாமா?
ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: வேண்டாங்க. உங்கள் தையல் மெஷினையே நம்பி ஓட்ட முடியாது என்று கழட்டியதைப் பிரசவ அறைக்கு அனுப்பக் கூடாது. சீரியலாகக் கட்டுகிற பேட்டரிகளில் ஒன்று சோம்பேறியாக இருந்தால் மற்றதையும் சேர்த்து இழுத்துவிடும். அதோடு, பழைய ஈய பேட்டரி ஆபத்தான கழிவுக் கணக்கில் வரும், பேசல் ஒப்பந்தப்படி ரெண்டு அரசாங்கத்தின் ஒப்புதல் இல்லாமல் நாடு தாண்டாது. அவற்றை இங்கேயே உரிமம் உள்ள ஈயக்காரரிடம் போட்டு, வருகிற காசைக் காங்கயம் அம்மாவிடம் கொடுங்கள்.

புது லித்தியத்தை இங்கே வாங்கி விமானத்தில் அனுப்பலாமா என்று இன்னும் இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். தனி லித்தியம் அயான் பேட்டரியைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்ற 2016லிருந்தே தடை. கப்பல் உண்டு, ஆனால் மலாவிக்குக் கடல் கிடையாது, மொசாம்பிக் அல்லது தான்சானியா துறைமுகத்தில் இறக்கி லாரியில் போக வேண்டும். பிளான்டைரிலோ தலைநகர் லிலோங்வேயிலோ வாங்குவதே மேல். கொஞ்சம் விலை கூடினாலும், கெட்டுப்போனால் போய்ச் சண்டை போட ஒரு கடை இருக்கும்.

கேள்வி: எங்கள் தோட்டத்தில் சோலார் பம்ப் போடும்போது பேனல் தெற்கு பார்த்து இருக்கணும் என்றார்கள். அங்கேயும் அப்படித்தானா?
ஒரு விவசாயி, உடுமலை

பதில்: நல்ல கேள்வி, இங்கிருந்து போகிற ஆட்கள் சறுக்குகிற இடம் இது. நாம் பூமத்திய ரேகைக்கு வடக்கே 11 டிகிரியில் இருக்கிறோம், சூரியன் வருசத்தில் பெரும்பாலும் நமக்குத் தெற்கே. பிளான்டைர் தெற்கே கிட்டத்தட்ட 16 டிகிரி. அதனால் அங்கே பேனல் வடக்கு பார்க்க வேண்டும், சாய்வு 15 டிகிரி போல. அந்தச் சாய்வு மழையில் தானாகக் கழுவிக்கொள்ளவும் உதவும். மழை அங்கே நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை. அதற்கு முந்தைய காய்ந்த மாதங்களில் புழுதியும் காட்டுப் புகையும் படியும், வாரம் ஒருமுறை காலை வெயில் ஏறுவதற்குள் ஈரத் துணியால் துடைக்க வேண்டும்.

ஸ்டாண்டை மட்டும் சும்மா வைக்காதீர்கள். 2023 மார்ச்சில் ஃப்ரெடி புயல் அந்தத் தெற்குப் பகுதியைப் புரட்டிப் போட்டது. கூரை பலமாக இருந்தால் கூரை மேல், அதுதான் திருட்டுக்கும் நல்லது.

கேள்வி: நான் கோபியில் ஸ்டாஃப் நர்ஸ். நீங்கள் எதைச் சொன்னாலும் அது போய்ச் சேர ஆறு மாசம் ஆகும். அதுவரை அந்தப் பொண்ணு என்ன பண்ணும்?
ஒரு வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: இந்தக் கேள்வியை நான்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். கரண்டே கேட்காத பேட்டரி ஒன்று உண்டு, அதன் பெயர் ஆக்சிஜன் சிலிண்டர். 7,000 லிட்டர் பிடிக்கிற பெரிய சிலிண்டர் நிமிடத்துக்கு 5 லிட்டர் வீதம் 23 மணி நேரம் வரும், பச்சைக் குழந்தைக்கு ஒரு லிட்டர் அரை லிட்டர்தான் என்றால் நாள் கணக்கில். கான்சென்ட்ரேட்டர் பக்கத்திலேயே, ரெகுலேட்டர் மாட்டி, சாவி செயினில் கட்டித் தொங்க, நிற்க வேண்டும். ஸ்டோர் ரூமில் பூட்டி வைத்த சிலிண்டர் இல்லாத சிலிண்டர். காலால் மிதிக்கிற சக்ஷன் பம்ப் ஒன்று தியேட்டரில், கையால் அழுத்தி மூச்சு கொடுக்கிற ஆம்பு பை பிரசவ மேசைக்குக் கை எட்டும் தூரத்தில். ரெண்டு மூணு பேருக்கு நெற்றியில் கட்டுகிற சார்ஜ் லைட், அந்த அம்முணியின் ரெண்டு கையும் இன்னொரு முறை டார்ச் பிடிக்காமல் வேலைக்கு உதவும்.

கேள்வி: நான் எலக்ட்ரீசியன். ஜெனரேட்டர் வயரை நேரா ஒரு பிளக் பாயின்ட்டில் சொருகி வீடு முழுக்க ஓட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆஸ்பத்திரியில் அவசரத்துக்கு அப்படிச் செய்யலாமா?
ஒரு வாசகர், பல்லடம்

பதில்: தம்பி, எலக்ட்ரீசியன் என்று வேறு போட்டிருக்கிறீர்கள்! நீங்கள் சொருகுகிற 230 வோல்ட் மெயின் வழியாக வெளியே போய், டிரான்ஸ்ஃபார்மரில் தலைகீழாக ஏறி, 11,000 வோல்ட்டாகக் கம்பத்தில் நிற்கும். லைன் ஆஃப் என்று நம்பி மேலே ஏறியிருக்கிற லைன்மேன் கதி? சேஞ்ச்ஓவர் சுவிட்ச் வேண்டும், ஃபேஸ், நியூட்ரல் ரெண்டையும் சேர்த்து மாற்றுகிற ரகம். கபிச்சிராவிலிருந்து வருகிற கரண்டும் ஜெனரேட்டர் கரண்டும் எந்தக் காலத்திலும் ஒன்றையொன்று பார்க்கக் கூடாது. எர்த் குழியை மறுபடி தோண்டி, கரி, உப்பு போட்டு, இடிக்கு சர்ஜ் அரெஸ்டர் வைக்கச் சொல்லுங்கள். புது லித்தியத்துக்குள் இருக்கிற எலக்ட்ரானிக்ஸ் ஒரு இடிக்குத் தாங்காது.

கேள்வி: நான் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருந்து ஓய்வு பெற்றவன். அந்த ஆஸ்பத்திரியின் தடுப்பூசி ஃபிரிட்ஜுக்கும் கரண்ட் வேண்டுமே, அதற்கு என்ன வழி?
ஒரு வாசகர், பவானி

பதில்: மேலே போட்ட 12 யூனிட் கணக்கில் அதை வேண்டுமென்றேதான் விட்டேன். தடுப்பூசி 2லிருந்து 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், அதற்கு பேட்டரியை நம்புவதைவிட ஐஸை நம்பலாம். நீங்கள் வேலை பார்த்த இடத்தில் ஐஎல்ஆர் இருந்திருக்கும், சுற்றுச்சுவரிலேயே ஐஸ் உறைந்து நிற்கிற பெட்டி, கரண்ட் போன பிறகும் 20 மணி நேரத்துக்குக் குறையாமல் குளிர் பிடிக்கிற மாதிரிதான் உலக சுகாதார நிறுவனம் அங்கீகாரம் கொடுக்கிறது. இன்னொரு ரகம் பேனலிலிருந்து நேராக ஓடும், நடுவில் பேட்டரியே கிடையாது, வெயிலில் ஐஸ் கட்டிக்கொண்டு மூன்று நாள் தாங்கும்.

அக்கம்பக்கத்துச் சின்ன பிரசவ நிலையங்களுக்கு என்ன செய்வது என்றும் கேட்டிருந்தீர்கள். லாரா ஸ்டாஷல் என்ற அமெரிக்க மகப்பேறு மருத்துவர் 2008ல் வடக்கு நைஜீரியாவில் ஒரு ஆஸ்பத்திரியில் இருட்டில் பிரசவம் நடப்பதைப் பார்த்துவிட்டு, கணவர் ஹால் அரான்சனோடு சேர்ந்து ஒரு பெட்டி செய்தார். திறந்தால் விளக்கு, போன் சார்ஜர், கருவிலிருக்கும் குழந்தையின் இதயத்துடிப்பு கேட்கிற டாப்ளர், கூரைக்கு ஒரு பேனல். சோலார் சூட்கேஸ் என்பார்கள். அங்கே ராத்திரியில் நாலு பிரசவம் பார்க்கிற இடத்துக்கு 5 கேவிஏ எதற்கு, அதுவே தாராளம்.

கேள்வி: (மறுபடியும் நான்தானுங்க.) அம்முணி லீவுக்கு வந்துவிட்டு அடுத்த வாரம் திரும்பப் போகிறாள். பெட்டியில் என்ன வைத்து அனுப்பட்டும்?
காங்கயம்

பதில்: ஒரு கிளாம்ப் மீட்டர். வயரை வெட்டாமல் வளையத்துக்குள் விட்டாலே எத்தனை ஆம்பியர் போகிறது என்று காட்டும், கெட்டிலை யார் போட்டார்கள் என்பதையும் கண்டுபிடித்துவிடலாம். பேட்டரி அமிலத்தின் அடர்த்தி பார்க்க ஒரு ஹைட்ரோமீட்டர், துணியில் சுற்றி. லித்தியத்துக்குத் தேவைப்படாது, ஆனால் ஜெனரேட்டரின் ஸ்டார்ட்டிங் பேட்டரி இன்னும் ஈயம்தானே, அந்தச் சனிக்கிழமைக்காரர் சொட்டு உறிஞ்சிப் பார்க்கட்டும். அந்த நெற்றி லைட்டுகள், லித்தியம் உள்ளே இருக்கும் என்பதால் அவற்றைக் கைப்பையில் வையுங்கள். டெர்மினலில் பச்சை பூத்தால் துடைத்துத் தடவ ஒரு டப்பா வாசலின். நல்ல தடிமனான நோட்டு ஒன்று, பேனாவைக் கயிற்றில் கட்டியே அனுப்புங்கள். முறுக்கும் வைப்பீர்கள் என்று தெரியும், அதில் கொஞ்சம் அந்தச் சனிக்கிழமைக்காரருக்கும் எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.